யானை கிழிச்ச கோடு

அவனப் பத்தித்தானே சார் கேக்க வந்தீங்க? என்னப் பத்தி இல்லையே? அத்த மொதல்லயே தெளிவா பேசிக்குவோம். இத்தினி வருஷத்துல என்னப் பத்திக் கேக்க ஒரு பேப்பர்காரன் இந்த கிரவுண்டு பக்கம் வந்தது கெடையாது. இப்போ போலந்துல எவனோ புக்கு எழுதுறானாம், வெளிநாட்டுக்குப் போயி ஆடுன அவங்க ஊரு ஆளுங்களப் பத்தி. அவன் உங்களாண்ட சொல்லி, நீங்க இந்த வெயில்ல பஸ் புடிச்சி வியாசர்பாடி வரைக்கும் வந்துட்டீங்க. வந்தது சந்தோசம். இப்பிடி நெழல்ல குந்துங்க. அந்தப் படி வேணாம், பெயிண்டு காயல, பேண்ட்டுல ஒட்டிக்கும்.

பேரு தேவநேசன். எழுதிக்கிங்க. பீக்கன் ஃபுட்பால் கிளப்பு கோலி, கோல் காக்கறவன். ரெண்டாவது கோலின்னு போடாதீங்க. கோலின்னு மட்டும் போடுங்க.

அவன் வர்ற வரைக்கும் நான்தான் சார் மொத கோலி. ஏரியாவுல பெருசுங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. கார்னர் பால எகிறி ஒத்தக் கையால புடிப்பேன். "காந்தம்"னு கூப்புடுவானுங்க. இப்போ தண்ணி லாரி ஓட்டுறேன். அது வேற கதை. வேற கதை இன்னா, அதே கதைதான். சொல்றேன்.

எங்க மொதலாளி எறால் ஏத்துமதி பண்றவரு. கிளப்பு நடத்துறது அவருக்கு ஒரு ஷோக்கு. திடீர்னு ஒரு வருஷம் ஆசை வந்துடுச்சி, பெரிய லீக் ஆடணும்னு. கல்கத்தா டீமு, கோவா டீமு எல்லாம் வெள்ளக்காரன வெச்சிக்கிறான், நாமளும் வெச்சா இன்னான்னு. சரி, வெச்சிக்க. எல்லாரும் கோல் போடறதுக்கு ஆள் கொண்டாருவான். இவரு எவனோ ஏஜெண்டு பேச்சக் கேட்டுக்கினு கோல் தடுக்கறதுக்கு ஆள் கொண்டாந்தாரு. நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கசொல்லோ. வூட்ல சோறு வெந்துக்கினு கீது, ஓட்டல்ல பார்சல் கட்றாரு. எப்பிடி?

வந்து எறங்குனான். சும்மா சொல்லக் கூடாது, ஆளு பனமரம். முன்னாடி மண்டை வழுக்கை. மூக்கு ரெண்டு எடத்துல ஒடஞ்சி திரும்ப ஒட்டுனது. வயசு முப்பத்தஞ்சு தாண்டி. பேரு யானுஷ். கேலரி பசங்க மொத நாளே "யானை"ன்னு வெச்சிட்டானுங்க. கோவம் வரும்னு பாத்தேன். அர்த்தம் சொன்னதும் காத ரெண்டும் ஆட்டிக் காட்டுறான். கேலரியே எழுந்து நின்னு விசிலு. ஒரு பால் புடிக்கல சார் அவன் அதுவரைக்கும். நான் அந்த கேலரிக்கு முன்னாடி எட்டு வருஷமா வுழுந்து எழுந்திருக்கேன், எனக்கு எவனும் எழுந்து நின்னதில்ல.

அவன் பூர்வீகம் உங்க புக்குகாரனே எழுதிருப்பான். நெலக்கரி தோண்டுற ஊரு. அப்பன் சுரங்கத்துல வேல. ஊர்லயே ஒரு பெரிய டீமுல இருந்தானாம். இருந்தான்னா, பெஞ்சுல இருந்தான். மொத கோலி ஒருத்தன் ஆடுவான், இவன் பக்கத்துல குந்திக்கினு பாப்பான். வருஷக்கணக்கா. "அந்தாளுக்கு ஒரு தடவ கூட ஜுரம் வரல தேவா, ஒரு தும்மல் கூட வரல, நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல அந்தாளுக்கு வயித்துவலி வரணும்னு வேண்டிப்பேன்"னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் இங்கிலீசும் என் இங்கிலீசும் ஒரே தரம், அதனால நல்லாவே பேசிக்குவோம். அப்புறம் வயசு ஏறிப் போச்சேன்னு ஊர வுட்டுட்டுக் கெளம்பிட்டான். பின்லாந்துன்றான், சைப்ரஸ்ன்றான், மலேசியான்றான். எங்கயும் ஒரு சீசனுக்கு மேல கெடையாது. பொட்டியப் பிரிக்காமலே வாழ்ந்த ஆளு. பொண்டாட்டி ஒருத்தி இருந்தாளாம், அவ சைப்ரஸோட நின்னுட்டா.

இத்த எல்லாம் எதுக்கு என்னாண்ட சொன்னான்? குத்திக் காட்டத்தான். நானும் பெஞ்சு, நீயும் பெஞ்சு, ஆனா நான் இப்போ பெஞ்சு இல்லன்னு. வேற எதுக்கு ஒருத்தன் அந்தக் கதைய ஒரு ரெண்டாவது கோலியாண்ட சொல்லுவான்?

ரெண்டாவதுன்னு எழுதாதீங்கன்னேன் இல்ல?

பெரம்பூர்ல ஒரு லாட்ஜுல ரூமு குடுத்தாங்க அவனுக்கு. முட்டகோஸ அரிஞ்சி உப்பு போட்டு ஜாடியில அமுக்கி வெச்சிருவான். அது புளிக்கும். கதவத் தொறந்தா கொடலப் புரட்டும். எங்க வூட்டுக்கு ஒரு ஜாடி கொண்டாந்து குடுத்தான். என் சம்சாரம் ரோஸ்லின் அதுல காஞ்ச மொளகா கிள்ளிப் போட்டு தாளிச்சா, நல்லாத்தான் இருந்துச்சி. அவனே அத்தத் துன்னுட்டு, "எங்கம்மா செத்துட்டாங்க, நல்ல வேள, இத்தப் பாக்கல"ன்னான். ரோஸ்லினுக்கு சிரிப்பு தாங்கல. ஞாயித்துக்கெழம பூசைக்கு எங்க கூடத்தான் வருவான். ஒரு வார்த்த புரியாது, முட்டி போட்டுக்கினு கெடப்பான். பூச முடிஞ்சா எங்க வூட்ல மீன் கொழம்பு. என் பொண்ணு ஜெனிஃபாவுக்கு அப்போ மூணு வயசு, அவன் தோள்லேர்ந்து எறங்க மாட்டா. எல்லாம் நடிப்பு சார். இப்பத் தெரியுது.

பிராக்டீஸ்ல இன்னா பண்ணுவான் தெரியுமா? எல்லாரும் முடிச்சிக்கினு பைப்பாண்ட போயி கால் கழுவுவானுங்க. என்ன வுட மாட்டான். "தேவா, இன்னும் பத்து"ம்பான். பத்துன்னா நாப்பது. எடது பக்கம் எடது பக்கமாவே அடிப்பான், ஏன்னா எனக்கு எடது பக்கம் வுழறது கொஞ்சம் லேட்டாவும். கொஞ்சம்தான். மொழங்கால் தோலு உரிஞ்சி, பொழுது சாஞ்சி, பால் கண்ணுக்கே தெரியாது, இன்னும் பத்து. யாரு சொன்னா அவனுக்கு? எனக்குப் பாடம் எடுன்னு மொதலாளி சம்பளம் குடுத்தாரா? கோச்சு தணிகா சார் கூட, "ஏன்யா அவனப் போட்டு வாட்டுற"ன்னு கேட்டாரு. அவன் கேக்கல. என் ஒடம்ப ஒடச்சி வெச்சிட்டா போட்டியே கெடையாது பாருங்க. அதான் கணக்கு.

அப்புறம் அந்தக் கோடு. வந்துட்டேன், அதுக்குத்தான் வர்றேன்.

மேட்ச்சுக்கு முன்னாடி பசங்க ஒடம்பு சூடு பண்ணிக்கினு இருக்கசொல்லோ இவன் நேரா கோல் போஸ்ட்டாண்ட போவான். இந்தப் போஸ்ட்டத் தொடுவான், அந்தப் போஸ்ட்டத் தொடுவான், சிலுவ போட்டுக்குவான். அப்புறம் ரெண்டுக்கும் நட்ட நடுவுல நின்னு, குதிகால மண்ணுல ஊனி, முன்னாடி வரைக்கும் இழுத்துக்கினே வருவான். ஏரு ஓட்டுன மாதிரி ஒரு கோடு. ரெஃப்ரி பாத்தா கிரவுண்ட்ல கோடு கிழிக்காதேன்னு கத்துவாரு, அதனால அவரு வர்றதுக்கு முன்னாடியே வேலைய முடிச்சிருவான். எதுக்குடான்னேன். "கோலி முன்னாடி ஓடியாந்துட்டா முதுகுக்குப் பின்னாடி போஸ்ட்டு எங்க கீதுன்னு தெரியாது. திரும்பிப் பாத்தா பால் உள்ள. திரும்பாத. கீழ பாரு. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கிறியோ, அதுக்கு எதிர்ப் பக்கம் தொறந்து கெடக்குது வூடு"ன்னான்.

கேட்டுக்கினேன். ஆனா நான் இன்னா சார், நேத்து வந்தவனா? பதினாறு வயசுலேர்ந்து இதே மண்ணு. இருட்டுல எழுப்பி வுட்டாலும் என் வூட்டுக் கக்கூசுக்கு வழி தெரியாதா எனக்கு? கோடு கிழிச்சிக்கினு போவணுமா?

சீசன் முழுக்க அவனேதான் நின்னான். கோலே வுழல, அது உண்மதான். ஆனா எதிராளி அடிக்கிறது எல்லாம் நேரா அவன் கைக்கே வருது சார். எங்க அடிச்சாலும் அங்க அவன் நிக்கிறான். இதுல இன்னா தெறமை கீது? நான் நின்னா எனக்கு எல்லாம் மூலையில வருது, பாஞ்சி பாஞ்சிப் புடிக்கிறேன். எது கஷ்டம், நீங்களே சொல்லுங்க. ஜனத்துக்கு அது புரியல. அதிர்ஷ்டத்துக்குத்தான் கை தட்டுறாங்க.

கடைசி மேட்ச்சு. கேரளா டீமு ஒண்ணு, அதுல எடது கால்காரன் ஒருத்தன், பேரு கேட்டா கோலுக்கு முன்னாடி தடுக்கற பேக்குங்க எல்லாம் எச்சி முழுங்குவானுங்க. டிரா பண்ணாப் போதும், நாங்க பெரிய லீக்குக்கு மேல ஏறிடுவோம். இது ஊருக்கு. எனக்கு வேற ஒண்ணு இருந்துச்சி. கவர்மெண்ட்டு டிபார்ட்மெண்ட்டு ஒண்ணு, பேரு வேணாம், அவங்க டீமுக்கு கோலி தேடுறாங்க. ஆளப் புடிச்சிப் போச்சின்னா பர்மனெண்ட்டு வேல. குவார்ட்டர்ஸ். ஆபீசருங்க அந்த மேட்ச்சுக்கு வர்றாங்க. எனக்கு அடுத்த வருஷம்னா வயசு தாண்டிடும். அந்த ஒரு மேட்ச்சு சார். அவங்க என்னப் பாக்கணும், அதுக்கு நான் போஸ்ட்டுல நிக்கணும்.

தணிகா சாராண்ட போனேன். கைய புடிச்சிக்கினு கேட்டேன். "யானைய ஒக்கார வெச்சிட்டு உன்ன எறக்கினா மொதலாளி என்ன எறக்கிருவாரு தேவா"ன்னாரு. வூட்டுக்கு வந்தேன். தட்டத் தூக்கி செவுத்துல அடிச்சேன். குழந்த அழுதுச்சி. ரோஸ்லின் பொறுக்கி எடுத்தா.

அந்த வாரம் அவ அவனுக்கு வஞ்சிரக் கொழம்பு கொண்டு போனா. எப்பவும் என் கையிலதான் குடுத்து அனுப்புவா, அன்னிக்குக் குழந்தைய இடுப்புல வெச்சிக்கினு அவளே லாட்ஜு வரைக்கும் போனா. திரும்பி வரசொல்லோ கண்ணு செவந்து கெடக்கு. இன்னாடின்னேன். பஸ்ல தூசின்னா. அந்த ரூட்டுல தூசி ஜாஸ்திதான்.

மேட்ச்சு அன்னிக்கு ரூம்ல எல்லாரும் பூட்ஸு கட்டிக்கினு இருக்கோம். யானை உள்ளாற வந்து சோத்துக் கையத் தூக்கிக் காட்டுறான். ரெண்டு விரலச் சேத்து வெள்ளத் துணி சுத்திக் கீது. விரலு போச்சாம். காலையில லாட்ஜு கதவுல நசுங்குச்சாம். தணிகா சாரு தலையில கை வெச்சிக்கினு பெஞ்சுல குந்திட்டாரு. மொதலாளி வந்து காட்டுக் கத்தல். அன்னிக்கு சாயங்காலம்தான் அவன அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் வெச்சிக்கறதா கையெழுத்துப் போட இருந்தாரு. மேட்ச்சுக்கு நாலு மணி நேரம் முன்னாடி விரல நசுக்கிக்கறவன் எனக்கு எதுக்குடான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. அவன் நின்னுக்கினு கீறான். அப்புறம் என்னப் பாத்தான். "தேவா, உன் மேட்ச்சு"ன்னான்.

ஆண்டவரே வழி தொறந்துட்டாருன்னுதான் நெனச்சேன்.

கிரவுண்டுக்குள்ள போறேன். இதோ, இதே கோலு. ஆபீசருங்க மேல சேர் போட்டுக் குந்தியிருக்காங்க. பாத்தா, எனக்கு முன்னாடி அவன் வந்து நிக்கிறான், கட்டுப் போட்ட கையோட. ரெண்டு போஸ்ட்டயும் தொட்டான். சிலுவ போட்டான். குதிகால ஊனி கோடு கிழிக்கிறான். எனக்கு! என் கோல்ல! கேலரி மொத்தமும் "யானை, யானை"ன்னு கத்துது. அவன் கிழிச்சி முடிச்சி, தள்ளி நின்னு, நேரா கீதான்னு ஒரு கண்ண மூடிப் பாத்துட்டு, என்னப் பாத்து தலைய ஆட்டுறான். சின்னப் பையனுக்கு சிலேட்டுல ஆனா ஆவன்னா போட்டுக் குடுக்கற மாதிரி. ஆபீசருங்க இன்னா நெனைப்பாங்க? இவனுக்கு ஆடத் தெரியாது, அந்த வெள்ளக்காரன்தான் சொல்லிக் குடுக்கறான்னு நெனைக்க மாட்டாங்க?

அழிச்சேன் சார். எல்லாரும் பாக்க, பூட்ஸால தேச்சித் தேச்சி அழிச்சேன். மண்ணு மேல மண்ணு தள்ளி, கோடு இருந்த சுவடே இல்லாம. அவன் பாத்தான். கிட்ட வர்ற மாதிரி ஒரு அடி வெச்சான், நின்னுட்டான். போயி பெஞ்சுல குந்திக்கினான். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, எழுதிக்கிங்க. என் வூட்டு வாசல்ல இன்னொருத்தன் கோலம் போட்டா நீங்க வுடுவீங்களா?

நல்லா ஆடுனேன். உங்க ஆளு அவனாண்டயே கேக்கட்டும். அந்த எடது கால்காரன் அடிச்சத ரெண்டு தடவ எடது பக்கம் வுழுந்து தடுத்தேன். எடது பக்கம் சார்! விரல் நுனியில தட்டி வுட்டேன். பின்னாடி பெஞ்சுலேர்ந்து ஒரே ஒரு கொரலு வந்துச்சி, "நல்லா, தேவா, நல்லா"ன்னு. அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குத் தமிழ்ல தெரியும்.

முடியப் போவுது. இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிட்டாப் போதும். சைடுலேர்ந்து ஒரு பாலு, எடது கால்காரன் இட்டுக்கினு வர்றான், பேக்கு வழுக்கிட்டான். நான் முன்னாடி ஓடியாந்தேன். ஓடி வந்து கைய விரிச்சிக்கினு நின்னேன். சரியாத்தான் நின்னேன். அவன் ஓங்கிக் கூட அடிக்கல. சொம்மா தட்டி வுட்டான், தரையோட. எனக்கும் கிட்டத்துப் போஸ்ட்டுக்கும் நடுவால உருண்டு போச்சி. அவ்ளோ எடம் அங்க எப்பிடி வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. ஒரு மாட்டு வண்டி போவும் சார் அந்த எடத்துல. காத்துதான். நாலு மணிக்கு மேல இங்க கடல் காத்து தூக்கும், பால வளைச்சிரும். தரையோட போற பாலக் கூட வளைக்கும். நம்ப மாட்டீங்க, சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க.

ஆபீசருங்க விசில் ஊதறதுக்கு முன்னாடியே எழுந்து பூட்டாங்க. அப்புறம் கேள்விப்பட்டேன், அந்தக் கேரளா டீமு கோலிக்கு வேல குடுத்துட்டாங்கன்னு. அந்தாளு ரிட்டயர்டு ஆயி பென்ஷன் வாங்கறான் இப்போ.

இப்பக் கேளுங்க. ரெண்டு நாள் கழிச்சி யானை பொட்டியோட எங்க வூட்டுக்கு வந்தான். மொதலாளி தொரத்தி வுட்டுட்டாரு. கட்டுப் பிரிச்சிட்டான். ஜெனிஃபா "யானை மாமா"ன்னு ஓடுனா. அதே கையாலத் தூக்கினான் சார். அதே விரலு! மேல தூக்கிப் போட்டு அதே கையில புடிச்சான். ஒரு வீக்கம் இல்ல, ஒரு கறுப்பு இல்ல. அதுக்கு முன்னாடியே மாலீஷு பண்ற பக்கிரி என்னாண்ட சொன்னான், "விரல்ல ஒண்ணியும் இல்லடா தேவா, நான் அமுக்கிப் பாக்கசொல்லோ கத்தணும்னு கூட அவனுக்குத் தோணல"ன்னு. நான் நம்பல. கண்ணால பாத்தப்புறம் நம்பாம இன்னா பண்றது?

அன்னிக்குத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சி. பயந்துட்டான். அந்த எடது கால்காரன நெனச்சி பயந்துட்டான். கோல் வுழும்னு அவனுக்குத் தெரியும். சீசன் முழுக்க சேத்து வெச்ச பேரு ஒரே மேட்ச்சுல பூடுமேன்னு, துணியச் சுத்திக்கினு பெஞ்சுல ஒளிஞ்சிக்கினு, என்ன முன்னாடி தள்ளி வுட்டுட்டான். வேற காரணம் சொல்லுங்க பாப்போம். நல்லா இருக்கற விரல ஒருத்தன் எதுக்கு ஒடஞ்சிச்சின்னுவான்? எந்த மடையன் அப்பிடி செய்வான், அதுவும் ரெண்டு வருஷ வேலைய வுட்டுக் குடுத்து?

வெளிய போடான்னேன். குழந்தையப் புடுங்கினேன் அவன் கையிலேர்ந்து. அவன் ரோஸ்லினப் பாத்தான். அவ வாயத் தொறந்தா, அவன் வேணாம்ன்ற மாதிரி தலைய ஆட்டுனான். ஜாடிய வாசப்படியில வெச்சிட்டுப் பூட்டான். அவ உள்ளாற போயி அழுதா. எம்மேல அவ்ளோ பாசம் அவளுக்கு. இன்னி வரைக்கும் அந்த மேட்ச்சப் பத்தி அவ என்னாண்ட ஒரு வார்த்த பேசுனது கெடையாது. அந்தக் கோஸையும் அப்புறம் செய்யல. என் வேதன தெரிஞ்சவ.

இன்னா கேட்டீங்க? இல்ல, அதுக்கப்புறம் தெரியாது. நீங்கதான் சொல்லணும். ஓ. எந்தக் கிளப்பும் எடுத்துக்கலையா? விரலு ஒடஞ்சவன்னு பேரு பரவிடுச்சா? ம். ஊருக்கே பூட்டானா? பஸ்ஸு ஓட்டுனானா? சரி, நானும் வண்டிதான் ஓட்டுறேன்.

இன்னா அது, போன்ல? படிங்க. அவன் சொன்னதா? மறக்க முடியாத மேட்ச்சு எதுன்னு கேட்டதுக்கா?

"நான் ஆடாத ஒரு மேட்ச்சு. மெட்ராசுல. என் சிநேகிதன் தேவா ரெண்டு தடவ எடது பக்கம் வுழுந்து தடுத்தான்."

பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? இத்தினி வருஷம் கழிச்சும் அவனுக்கு நக்கல பாத்தீங்களா? தடுத்த ரெண்டையும் சொல்றான், வுழுந்த ஒண்ண சொல்லாம வுடறான். வேணும்னே வுடறான். படிக்கறவன் கேப்பான் இல்ல, அப்புறம் இன்னாச்சின்னு?

இல்ல, கண்ணுல ஒண்ணியும் இல்ல. பெயிண்டு நெடி.

போட்டோவா? எடுங்க. அந்தக் கோல்லயேவா நிக்கணும்? புக்குல போடுவாங்களா? அவன் பாப்பானா? பாக்கட்டும். சட்டைய உள்ள வுட்டுக்கறேன், இருங்க. எங்க, நடுவுலயா? அவசரப்படாதீங்க சார், நடுவுலன்னா நடு எதுன்னு பாக்க வேணாமா? இது ஒரு போஸ்ட்டு. அது ஒண்ணு. இந்த எடம்தான் நடு. இருங்க, முன்னாடி வர்றேன்.

இன்னா சார் கீழ பாக்குறீங்க? காலு சொம்மா இழுத்துச்சு, அவ்ளோதான். மொழங்கால் வலி. நேரா நிக்கணும்ல, போட்டோ கோணலா வந்துடும்ல.

அது கோடு இல்ல சார். தரைய வுடுங்க. இடுப்புக்கு மேல எடுங்க.